ஃபராமிரை ஏன் மாற்றினீர்கள்?

2002 டிசம்பர் 18-ம் தேதி 'தி டூ டவர்ஸ்' திரைக்கு வந்தது. ஜே.ஆர்.ஆர். டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலை மூன்று படங்களாக எடுத்த பீட்டர் ஜாக்சனின் இரண்டாவது படம் அது. முந்தைய ஆண்டு வந்த முதல் படத்தைப் பார்த்து மனம் குளிர்ந்திருந்த வாசகர்கள் பெரும் எதிர்பார்ப்போடு தியேட்டருக்குப் போனார்கள். மெலிந்த உடலும் இரண்டுபட்ட மனமும் கொண்ட கோல்லமைத் திரையில் கண்டு அசந்துபோனார்கள். கொட்டும் மழையில் நடக்கும் ஹெல்ம்ஸ் டீப் கோட்டைப் போரைக் கண்கொட்டாமல் பார்த்தார்கள். ஆனால், ஃபராமிர் வந்த இடத்தில் பலருக்கு மனம் கசந்தது. மோதிரத்தைத் தன் தந்தையிடம் சேர்க்கும் எண்ணத்தில், ஃப்ரோடோவையும் சாமையும் கைதிகளாக ஒஸ்கிலியாத் நகரத்துக்கு இழுத்துப் போனான் அவன். புத்தகத்தைப் படித்தவர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

நாவலில் ஃபராமிர் அப்படிச் செய்யவில்லை. செய்யக்கூடியவனும் இல்லை.

அதன்பின் மூன்றாவது படம் வந்தது. 11 பிரிவுகளில் பரிந்துரைக்கப்பட்டு, 11 ஆஸ்கர் விருதுகளையும் அள்ளியது. மூன்று படங்களும் இன்றும் கொண்டாடப்படுகின்றன. இருந்தும் ஃபராமிர் விவகாரம் ஆறாத புண்ணாகவே இருக்கிறது. முழு அத்தியாயங்களையே தூக்கியதைப் பொறுத்துக்கொண்ட வாசகர்கள், இந்த ஒருவனை மாற்றியதை மட்டும் ஏன் பொறுக்கவில்லை? இதற்கு விடை தேடினால், தாங்கள் நேசிக்கும் நாவல் சினிமாவாகும்போது ரசிகர்கள் எதைக் காப்பாற்றத் துடிக்கிறார்கள் என்பது விளங்கும்.

முதல் புகார், ஆசிரியரிடமிருந்து

டோல்கீன் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர். பழைய ஆங்கில இலக்கியத்தில் கரை கண்டவர். முதல் உலகப் போரில் சோம் போர்க்களத்தைப் பார்த்தவர். அவருடைய நாவல் 1954, 1955 ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளிவந்தது. நாலரை லட்சம் சொற்களுக்கு மேல் நீளும் கதை. சவுரோன் என்ற தீய சக்தி வார்த்தெடுத்த மோதிரத்தை, அது உருவான எரிமலையிலேயே போட்டு அழிக்க வேண்டும். அந்தப் பொறுப்பு ஃப்ரோடோ என்ற சின்னஞ்சிறிய ஹாபிட்டின் தலையில் விழுகிறது. தோழன் சாம் உடன் போகிறான். அந்த மோதிரத்துக்கு ஒரு குணம் உண்டு: வைத்திருப்பவர் மனதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். நல்லவர்களையும் நல்லது செய்யும் ஆசை காட்டியே வளைத்துவிடும்.

2003-ல் பிபிசி நடத்திய 'தி பிக் ரீட்' வாக்கெடுப்பில் பிரிட்டன் மக்கள் தங்கள் மனதுக்கு மிகப் பிடித்த நாவலாகத் தேர்ந்தெடுத்தது இதைத்தான். இப்படி ஒரு புத்தகத்தைத் திரைக்குக் கொண்டுவருவது நெருப்போடு விளையாடுவது. அதை முதலில் உணர்ந்தவர் டோல்கீனே.

1957-ல் அமெரிக்காவிலிருந்து சிலர் அனிமேஷன் படம் எடுக்கும் யோசனையோடு அவரை அணுகினார்கள். மார்ட்டன் கிரேடி சிம்மர்மன் என்பவர் எழுதிய கதைச்சுருக்கம் அவர் கைக்கு வந்தது. 1958-ல் அதற்கு டோல்கீன் எழுதிய பதில், கதையை எப்படிப் படமாக்கக் கூடாது என்பதற்கு ஒரு பாடநூல். நடந்து போக வேண்டிய தூரத்தையெல்லாம் கழுகுகளின் முதுகில் ஏற்றிக் கடத்துவதையும், தேவையில்லாத இடத்தில் சண்டையைத் திணிப்பதையும் பக்கம் பக்கமாகக் கண்டித்திருந்தார். மூலக்கதையின் உயிர் எங்கே இருக்கிறது என்று பிடிபடாததால்தான் தழுவல்கள் மிகைப்படுத்துகின்றன, இல்லாததைப் புகுத்துகின்றன என்பது அவருடைய முடிவு.

அவர் வெட்டுவதற்கு எதிரியில்லை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. எல்லாவற்றையும் அவசரமாக அமுக்கித் திணிப்பதைவிட, சிலவற்றை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவது மேல் என்று அவர் கருதினார். மரங்களை மேய்க்கும் என்டுகளையும் கோட்டைப் போரையும் ஒழுங்காகக் காட்ட இடமில்லையென்றால் ஒன்றைத் தூக்கிவிடலாம், போரைத் தூக்குங்கள், அது மையக் கதைக்கு அவசியமில்லாதது என்று அந்தக் கடிதத்திலேயே எழுதினார். அவர் தூக்கச் சொன்ன அந்தப் போர்தான் பின்னாளில் ஜாக்சனின் இரண்டாவது படத்துக்கே முதுகெலும்பானது.

அந்த அனிமேஷன் படம் எடுக்கப்படவில்லை. திரைப்பட உரிமை 1969-ல் யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனத்துக்கும், 1976-ல் தயாரிப்பாளர் சால் ஸைன்ட்ஸுக்கும் போனது. 1978-ல் ரால்ஃப் பாக்ஷி இயக்கிய அனிமேஷன் படம் வந்தபோது ரசிகர்கள் ஏமாந்துபோனார்கள். பாதிக் கதையில் படம் முடிந்துவிட்டது. 'முதல் பாகம்' என்று தலைப்பில் சொல்லவும் இல்லை. அடுத்த பாகம் வரவும் இல்லை.

வேலிக்கு வெளியே பைனாகுலரோடு

1998-ல் ஜாக்சனின் படம் அறிவிக்கப்பட்டபோது, அந்தப் பழைய ஏமாற்றம் பலர் நினைவில் இருந்தது. மிராமாக்ஸ் நிறுவனம் எல்லாவற்றையும் ஒரே படத்தில் அடக்கச் சொன்னதால் வெளியேறி வந்தவர் ஜாக்சன். நியூ லைன் நிறுவனத்தின் பாப் ஷேயிடம் இரண்டு படத் திட்டத்தோடு போனார். புத்தகம் மூன்று பாகம், படம் ஏன் இரண்டு என்று ஷே கேட்டது ஹாலிவுட் வரலாற்றில் பதிந்த தருணம்.

அதே ஆண்டு ஆகஸ்டில் ஜாக்சன் ஒரு துணிச்சலான காரியம் செய்தார். இணையத்தில் ரசிகர்கள் அனுப்பிய கேள்விகளிலிருந்து 20-ஐத் தேர்ந்தெடுத்து விரிவாகப் பதில் எழுதினார். பெரிய பட்ஜெட் படங்கள் பூட்டிய கதவுக்குள் உருவாகும் காலம் அது. வாசகர்களை ஒதுக்கிவைத்து இந்தப் படத்தை எடுக்க முடியாது என்று அவர் கணித்தது சரியாகவே இருந்தது. டோல்கீன் நூல்களுக்கு ஓவியம் வரைந்து வாசகர்களின் மனதில் அந்த உலகத்தைப் பதித்துவைத்த ஆலன் லீ, ஜான் ஹோவ் இருவரையும் வடிவமைப்புக்கு நியூசிலாந்துக்கே வரவழைத்தார். ஹாபிட்டுகளின் ஊரைக் காட்ட மாட்டமாட்டா அருகே ஒரு பண்ணையில் செட் போட்டு, ஷூட்டிங்குக்கு ஏறத்தாழ ஓராண்டு முன்பே செடிகொடிகளை நட்டு வளரவிட்டார்கள். திரையில் அந்த ஊர் நூறாண்டு பழையதாகத் தெரிந்ததற்கு அதுதான் காரணம்.

1999 அக்டோபரில் படப்பிடிப்பு தொடங்கியது. அதே ஆண்டில் 'தி ஒன் ரிங் டாட் நெட்' என்ற ரசிகர் தளமும் பிறந்தது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான நியூசிலாந்து ரசிகை, செட்டை எட்டிப் பார்க்கப் போய், அத்துமீறி நுழையக் கூடாது என்ற எச்சரிக்கை நோட்டீஸை வாங்கிக்கொண்டார். பிறகு அதே ரசிகையைப் படக்குழுவினரே செட்டுக்கு அழைத்துச் சுற்றிக் காட்டினார்கள். பகையாளியாக ஆகியிருக்கக்கூடியவர் படத்தின் தூதர் ஆனார். 2000 ஏப்ரல் 7-ம் தேதி இணையத்தில் முதல் முன்னோட்டம் வெளியானபோது 24 மணி நேரத்தில் சுமார் 17 லட்சம் முறை பதிவிறக்கப்பட்டது. தொலைபேசிக் கம்பியில் இணையம் ஊர்ந்துகொண்டிருந்த காலத்தில் அது நம்பமுடியாத எண்ணிக்கை.

நெருக்கம் என்றால் உரசலும் உண்டு. லிவ் டைலர் நடித்த, சாகாவரம் பெற்ற எல்ஃப் இனத்துப் பெண்ணான ஆர்வென் பாத்திரத்தை வைத்து முதல் புயல் கிளம்பியது. நாவலில் ஆர்வென் போர்க்களத்துக்கு வருவதில்லை. படத்தில் அவள் வாளேந்தி ஹெல்ம்ஸ் டீப்பில் சண்டையிடுவதாகக் காட்சிகள் எடுக்கப்பட்டன. செய்தி கசிந்ததும், அந்நாளில் தொலைக்காட்சியில் பிரபலமாக இருந்த வீராங்கனை ஸீனாவின் பெயரை ஒட்டி 'ஸீனார்வென்' என்று பட்டப்பெயர் சூட்டிவிட்டார்கள். ஜாக்சனோடு திரைக்கதை எழுதிய ஃபிரான் வால்ஷும் ஃபிலிப்பா பாயென்ஸும் நாவலின் பின்னிணைப்புக்குத் திரும்பினார்கள். அங்கே மனித வீரன் அரகோர்ன், ஆர்வென் இருவரின் காதல் கதையை டோல்கீன் தனியாக எழுதியிருந்தார். மனிதனை மணப்பதற்காக ஒருத்தி தன் சாகாவரத்தைத் துறக்கும் அந்தத் துயரமே படத்துக்குள் வந்தது. போர்க்களக் காட்சிகள் போயின. ரசிகர்களின் கூச்சல் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனாலும், அவர்கள் கை காட்டிய திசையில்தான் நல்ல கதை இருந்தது. எழுத்தில் எடுத்த முடிவுக்கு ஒரு நடிகையைக் கேலிக்கு ஆளாக்கியது மட்டும் அந்தப் போராட்டத்தில் ஒட்டிக்கொண்ட அழுக்கு.

போனால் போகட்டும் என்றவை

2001 டிசம்பரில் முதல் படம் வந்தது. அதில் காணாமல் போனவர்களில் பெரிய ஆள் டாம் பாம்படில். பாடிக்கொண்டே காட்டில் திரியும், மோதிரம் துளியும் தீண்டமுடியாத, யாரென்றே விளங்காத விசித்திரப் பிறவி. கதையை அவன் முன்னே நகர்த்துவதில்லை என்று ஜாக்சன் விட்டுவிட்டார். வாசகர்கள் வருந்தினார்கள், அதோடு புரிந்தும்கொண்டார்கள். 1981-ல் பிபிசி வானொலி நாடகத்திலும் பாம்படில் இல்லை. அந்த நாடகத்தில் ஃப்ரோடோவாகக் குரல் கொடுத்த இயன் ஹோம்தான் ஜாக்சன் படத்தில் ஃப்ரோடோவின் வயதான உறவினர் பில்போவாக நடித்தார் என்பது பழைய ரசிகர்களுக்கு மட்டும் தெரிந்த இனிப்பு.

பாம்படிலுக்கான ஏக்கம் அணையவில்லை. 1991-ல் லெனின்கிராட் தொலைக்காட்சி இதே நாவலைத் தழுவிக் குறைந்த செலவில் எடுத்து ஒளிபரப்பிய 'ஹ்ரானித்தேலி' என்ற நாடகம் காணாமல் போய்விட்டதாகவே கருதப்பட்டது. 2021-ல் அது யூடியூபில் வெளியானது. செட்டும் வேடமும் மிக எளிமையானவை. ஆனால், அதில் பாம்படில் இருந்தான்! ரஷ்ய மொழி தெரியாதவர்களும் தேடிப் பார்த்தார்கள். 2024-ல் 'தி ரிங்ஸ் ஆஃப் பவர்' தொடரின் இரண்டாவது சீசனில் ரோரி கின்னியர் நடித்து பாம்படில் ஆங்கிலத் திரைக்கும் வந்து சேர்ந்தான்.

இடம் மாற்றியதையும் வாசகர்கள் ஏற்றார்கள். ஃப்ரோடோவின் பயணக் குழுவில் இருந்த போரோமிரின் மரணம் நாவலில் இரண்டாம் பாகத்தின் தொடக்கத்தில் வருகிறது. ஜாக்சன் அதை முதல் படத்தின் இறுதிக்குக் கொண்டுவந்தார். மோதிரத்தின் ஆசையில் ஒரு கணம் தடுமாறி, அதற்காக வெட்கி, இரு ஹாபிட்டுகளைக் காக்கப் போராடிச் சாகும் அந்த வீரனாக ஷான் பீன் நடித்த விதம் தீவிர வாசகர்களையும் கலங்கவைத்தது. புத்தகத்தைவிடப் படத்தில் போரோமிர் மேல் கூடுதல் பாசம் வந்தது என்று சொல்கிறவர்கள் ஏராளம். வரிசை மாறியது, மனிதன் மாறவில்லை.

ஒரு வெட்டு மட்டும் வேறு வகை. நாவலின் முடிவில் நான்கு ஹாபிட்டுகளும் ஊர் திரும்பும்போது ஷயர் சிதைந்து கிடக்கிறது. மரங்கள் வெட்டப்பட்டு, ரவுடிகள் கையில் ஊர் மாட்டியிருக்கிறது. அதைத் தாங்களே போராடி மீட்கிறார்கள். படத்திலோ ஷயர் அவர்கள் விட்டுப்போனபடியே இருக்கிறது. போருக்குப் போனவன் திரும்பி வரும்போது வீடும் மாறியிருக்கும் என்பதைச் சொன்ன அத்தியாயம் அது. அதை இழந்தது வெறும் நீளக் குறைப்பு இல்லை என்று வாசகர்கள் வாதாடுவதில் நியாயம் இருக்கிறது.

தாங்க முடியாதவை

இப்போது ஃபராமிரிடம் வருவோம்.

போரோமிரின் தம்பி அவன். நாவலில் இதிலியன் காட்டில் ஃப்ரோடோவைப் பிடித்து விசாரிக்கிறான். பேச்சு வாக்கில் சாம் வாய்தவறி மோதிர ரகசியத்தை உளறிவிடுகிறான். படிப்பவர் நெஞ்சு படபடக்கும் இடம். அண்ணனை அழித்த அதே பொருள், இரண்டு ஹாபிட்டுகளைத் தவிர காவலில்லாமல், தன் கைக்கெட்டும் தூரத்தில். ஃபராமிர் அதைத் தொடவில்லை. தேவையென்று நினைக்கவும் இல்லை. சாப்பாடு கொடுத்து, வழி சொல்லி அனுப்பிவைக்கிறான். அதிகாரத்தைத் தட்டிக்கழிக்கத் தெரிந்த மனிதர்கள் இருக்கிறார்கள் என்று அந்தக் காட்சி சொல்கிறது. போரோமிரின் வீழ்ச்சிக்கு டோல்கீன் எழுதிய பதில் அது.

ஃபராமிர் ஆசிரியருக்கும் நெருக்கமானவன். 1944 மே மாதம், தென்னாப்பிரிக்காவில் விமானப்படைப் பயிற்சியில் இருந்த மகன் கிறிஸ்டோஃபருக்கு எழுதிய கடிதத்தில், தான் திட்டமிடாமலேயே ஒரு புதிய மனிதன் இதிலியன் காட்டுக்குள் நடந்துவந்துவிட்டதாக வியந்திருக்கிறார் டோல்கீன். தன் பாத்திரங்களில் யாராவது தன்னைப் போல என்றால் அது ஃபராமிர்தான், அவனுடைய துணிச்சல் மட்டும் தனக்கில்லை என்று இன்னொரு கடிதத்தில் எழுதினார். பேரலை எழுந்து நிலத்தை விழுங்கும் கனவு ஒன்று அவரை ஆயுள் முழுக்கத் துரத்தியது. அந்தச் சொந்தக் கனவையே ஃபராமிருக்குக் கொடுத்தார். மூன்றாவது படத்தின் நீட்டிக்கப்பட்ட பதிப்பில் அந்தக் கனவும் எயோவின் என்ற வேறொரு பாத்திரத்துக்குப் போய்விட்டது.

இதையெல்லாம் அறிந்த வாசகர்கள், டேவிட் வென்ஹாம் நடித்த ஃபராமிர் ஹாபிட்டுகளைக் கட்டி இழுத்துப் போவதைப் பார்த்தபோது ஏற்பட்ட வலியைச் சில்லறைக் கோபம் என்று தள்ளிவிட முடியாது.

இதே வகைக் காயங்கள் இன்னும் உண்டு. முதல் படத்தில் கறுப்புக் குதிரைவீரர்கள் துரத்த, ஆற்றுத்துறையில் ஆர்வென் வாளை உருவி அவர்களை எதிர்த்து நிற்கும் காட்சிக்குத் தியேட்டரில் கைதட்டல் கிடைத்திருக்கும். நாவலில் அந்த இடத்தில் கடும் காயத்தோடு, தன்னந்தனியாக, குதிரை மேல் அமர்ந்தபடி எதிரிகளைப் பார்த்துச் சவால் விடுகிறவன் ஃப்ரோடோ. படத்தில் அவன் பாதி மயக்கத்தில் கிடக்கிறான். ஆர்வென் வந்தது இங்கே பிரச்னையில்லை. ஃப்ரோடோவின் வீரம் போனதுதான் பிரச்னை.

மூன்றாவது படத்தில், வழிகாட்டியாக உடன் வரும் கோல்லமின் சூழ்ச்சியை நம்பி ஃப்ரோடோ தன் உயிர்த்தோழன் சாமை வீட்டுக்குப் போகச் சொல்கிறான். நாவலில் அப்படியொரு பிரிவே இல்லை. அங்கே இருப்பது வேறு. மலைப்படிகளில் இருவரும் தூங்குவதைக் கோல்லம் பார்க்கிறான். பாவம் செய்து செய்து காய்ந்துபோன அவன் மனம் ஒரு நொடி இளகுகிறது. ஃப்ரோடோவின் முழங்காலை மெல்லத் தொடுகிறான். அரைத்தூக்கத்தில் விழிக்கும் சாம் சுடுசொல் சொல்கிறான். அந்த நொடி செத்துவிடுகிறது. கதை முழுக்கத் தனக்கு மிகத் துயரமான கணம் அதுவே என்று டோல்கீன் கடிதமொன்றில் குறிப்பிட்டிருக்கிறார். நல்லவன் சொன்ன ஒரு வார்த்தை, திருந்த இருந்தவனை மறுபடி இருட்டில் தள்ளுகிறது. அதை எடுத்துவிட்டுப் படம் வைத்தது, ரொட்டித் துகள்களை வைத்து நடத்தும் ஒரு பழிபோடும் சூழ்ச்சி.

மூன்று உதாரணங்களும் ஒரே இடத்தைக் காட்டுகின்றன. நீளம், வரிசை, உடை, நிறம் எதையும் வாசகர்கள் விட்டுக்கொடுத்துவிடுகிறார்கள். ஒரு மனிதன் நெருக்கடியில் என்ன முடிவெடுக்கிறான் என்பதை மாற்றும்போதுதான் கொதிக்கிறார்கள்.

படக்குழுவின் தரப்பு

திரைக்கதை எழுதியவர்கள் இதைத் தெரியாமல் செய்யவில்லை. டிவிடி விளக்கங்களில் மறைக்காமல் பேசினார்கள். ஒன்றரைப் படமாக மோதிரத்தின் பயங்கரத்தைக் கட்டியெழுப்பிவிட்டு, ஒருவன் வந்து எனக்கு வேண்டாம் என்று சாதாரணமாகச் சொன்னால் அத்தனை பயமும் கலைந்துவிடும் என்பது அவர்களுடைய வாதம். இன்னொரு காரணமும் இருந்தது. நாவலின் இரண்டாம் பாகம் ஷீலாப் என்ற ராட்சதச் சிலந்தியின் தாக்குதலோடு முடிகிறது. படத்தில் அது மூன்றாம் பாகத்துக்குத் தள்ளிப்போனதால், ஃப்ரோடோவின் கதைக்கு ஓர் உச்சக்கட்டம் தேவைப்பட்டது. அதை ஒஸ்கிலியாத்தில் உருவாக்கினார்கள்.

சினிமாவின் கணக்குப்படி இது பொருந்தும். நாவலைப் படிக்காத பார்வையாளர்களுக்கு அந்தக் காட்சி உறுத்தியிருக்காது. ஆனால், ஆசையை வென்று நிற்பவனைத் திரையில் நம்பும்படி காட்ட முடியாது என்று முடிவுசெய்தது கதை சொல்பவர்களின் தயக்கமே. முதல் படத்தில் மோதிரத்தை ஏற்க மறுத்த மந்திரவாதி கேண்டால்ஃபையும் எல்ஃப் அரசி கலாட்ரியலையும் அவர்கள் அற்புதமாகக் காட்டியவர்கள். ஃபராமிரையும் காட்டியிருக்க முடியும்.

2003 நவம்பரில் வந்த, இரண்டாவது படத்தின் நீட்டிக்கப்பட்ட பதிப்பில் சுமார் 43 நிமிடங்கள் சேர்ந்தன. தந்தை டெனெதோர் மூத்த மகனைக் கொஞ்சி, இளையவனை இகழும் ஒரு நினைவுக்காட்சி வந்தது. ஃபராமிர் ஏன் தடுமாறினான் என்பது அதனால் புரிந்தது. கோபம் பாதி தணிந்தது.

ரசிகர்கள் திருப்பிக் கொடுத்தது

புகார் சொன்னவர்களே இந்தப் படங்களுக்குக் கொடுத்ததும் அதிகம். மந்திரவாதி சருமான் வேடத்தில் நடித்த கிறிஸ்டோஃபர் லீ, இந்தப் படங்களின் நடிகர்களில் டோல்கீனை நேரில் சந்தித்திருந்த ஒரே ஒருவர். ஆண்டுதோறும் நாவலை மறுபடி படித்துவந்தவர். மூன்றாவது படத்தின் தியேட்டர் பதிப்பிலிருந்து அவருடைய காட்சிகள் முழுவதும் நீக்கப்பட்டபோது, ஆயிரக்கணக்கான ரசிகர்கள் மனுவில் கையெழுத்திட்டார்கள். 2004 டிசம்பரில் வெளியான நீட்டிக்கப்பட்ட பதிப்பில் சருமானின் முடிவு இடம்பெற்றது.

முதல் படத்தில் எல்ராண்ட் நடத்தும் ஆலோசனைக் கூட்டத்தில் ஓரமாக, ஒரு வசனமும் இல்லாமல் உட்கார்ந்திருந்த எல்ஃப் ஒருவரை ரசிகைகள் கண்டுபிடித்து 'ஃபிக்விட்' என்று பெயர் வைத்தார்கள். அவர் பிரெட் மெக்கன்ஸி. கடைசிப் படத்தில் அவரைத் திரும்ப அழைத்து, பேச வசனமும் கொடுத்தார் ஜாக்சன். நீட்டிக்கப்பட்ட பதிப்புகளின் இறுதியில், அதிகாரபூர்வ ரசிகர் மன்ற உறுப்பினர்களின் பெயர்கள் நிமிடக்கணக்கில் ஓடுகின்றன. 2003 டிசம்பர் 1-ம் தேதி வெலிங்டனில் நடந்த மூன்றாவது படத்தின் முதல் காட்சி விழாவுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் தெருவில் திரண்டார்கள்.

அதே சமயத்தில் வேல்ஸின் அபெரிஸ்ட்வித் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ட்டின் பார்க்கரும் அவருடைய குழுவினரும் சுமார் 20 நாடுகளின் பார்வையாளர்களிடம் ஆய்வு நடத்தினார்கள். ஏறத்தாழ 25,000 பேர் வினாத்தாளை நிரப்பிக் கொடுத்தார்கள். ஒரு படத்தின் பார்வையாளர்களைப் பற்றி அதுவரை நடந்த ஆய்வுகளில் மிகப் பெரியவற்றுள் அதுவும் ஒன்று.

எல்லோரும் சமாதானம் ஆகவில்லை. தந்தையின் கையெழுத்துப் பிரதிகளைப் பதிப்பிப்பதற்காகவே வாழ்நாளைச் செலவிட்ட கிறிஸ்டோஃபர் டோல்கீன், 2012-ல் பிரான்ஸின் 'லெ மோந்த்' நாளிதழுக்குக் கொடுத்த பேட்டியில் படங்களைக் கடுமையாகச் சாடினார். புத்தகத்தின் குடலை உருவிவிட்டு, இளைஞர்களுக்கான சண்டைப்படம் ஆக்கிவிட்டார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு. 2020-ல் தம் 95-வது வயதில் அவர் காலமானார். படங்களை உயிராக நேசிக்கும் ரசிகர்களும் அவருடைய சொல்லை எளிதில் ஒதுக்குவதில்லை. அந்த உலகம் உருவான மேசைக்குப் பக்கத்தில் வளர்ந்தவர் அவர்.

கத்தரிக்கோலை எடுத்தவர்கள்

வெட்டினால் ரசிகர்கள் பொறுப்பார்கள், ஊதிப் பெருக்கினால் பொறுக்கமாட்டார்கள் என்பதை 'தி ஹாபிட்' நிரூபித்தது. 1937-ல் குழந்தைகளுக்காக டோல்கீன் எழுதிய சுமார் 300 பக்கப் புத்தகம். இயக்குவதாக இருந்த கில்லர்மோ டெல் டோரோ 2010-ல் விலகியதால் பொறுப்பு ஜாக்சனுக்கே வந்தது. முதலில் இரண்டு படம் என்றார்கள். 2012 ஜூலையில் அதை மூன்றாக்கினார்கள். கிட்டத்தட்ட எட்டு மணி நேரம்!

புத்தகத்தில் இல்லாத டாரியல் என்ற எல்ஃப் வீராங்கனை வந்தாள். ஆண்களே நிறைந்த கதையில் ஒரு பெண் வருவதைப் பலர் வரவேற்றார்கள். முக்கோணக் காதல் இருக்கக் கூடாது என்ற உறுதியைக் கேட்டுப் பெற்றே அந்த வேடத்தை ஏற்றதாக நடிகை எவஞ்சலின் லில்லி சொன்னார். பிற்பாடு நடந்த கூடுதல் படப்பிடிப்பில் அதே முக்கோணக் காதல் புகுந்துவிட்டது. இம்முறை ரசிகர்கள் நடிகையைத் திட்டவில்லை, ஸ்டூடியோவைத்தான் கேட்டார்கள். பத்தாண்டுகளில் ரசிகர் கூட்டம் முதிர்ந்திருந்தது.

2015 ஜனவரியில், பெயர் சொல்லாத ரசிகர் ஒருவர் மூன்று படங்களையும் வெட்டி ஒட்டி, நாலு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக ஓடும் ஒரே படமாக இணையத்தில் வெளியிட்டார். காதல் போனது. டோல் குல்டூர் கோட்டையைச் சுற்றிய கிளைக்கதை போனது. கதாநாயகன் பில்போ மறுபடி கதையின் நடுவுக்கு வந்தான். மூன்று படங்களும் சேர்ந்து உலகெங்கும் 290 கோடி டாலருக்குக் கிட்ட வசூலித்தன. ஆனாலும், அந்த ரசிகர் கத்தரித்த இடங்கள்தான் அவற்றுக்குக் கிடைத்த மிகச் சரியான விமர்சனம்.

அடுத்த படம்

2024 மே மாதம் வார்னர் பிரதர்ஸ் புதிய படம் ஒன்றை அறிவித்தது: 'தி ஹன்ட் ஃபார் கோல்லம்'. கோல்லமுக்கு உயிர்கொடுத்த ஆண்டி செர்கிஸ் இயக்குகிறார். ஜாக்சன், வால்ஷ், பாயென்ஸ் மூவரும் தயாரிப்பில் இருக்கிறார்கள். இதே பெயரில், இதே கதையை, 2009-லேயே பிரிட்டனைச் சேர்ந்த ரசிகர்கள் சொற்பச் செலவில் எடுத்து இணையத்தில் இலவசமாக வெளியிட்டிருந்தார்கள். புதிய பட அறிவிப்பு வந்த கையோடு அந்த ரசிகர் படம் யூடியூபில் முடக்கப்பட்டது. எதிர்ப்பு வெடித்ததும் திரும்ப வந்தது. வாசகர்களைத் துணையாக வைத்துக்கொண்டு எடுத்த மூன்று படங்கள் எங்கே போய்ச் சேர்ந்தன என்று அந்த ஸ்டூடியோவுக்குத் தெரியும். புதிய படத்துக்கும் அதே வழிதான் நல்லது. கதையில் எதை வேண்டுமானாலும் குறைக்கட்டும். கோல்லமின் மனதுக்குள் கடைசிவரை மிச்சமிருக்கும் அந்த ஈரத்தில் கை வைக்க வேண்டாம்.

படங்களை மட்டும் பார்த்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'தி டூ டவர்ஸ்' நாவலில், நாலாம் புத்தகத்தின் ஐந்தாவது அத்தியாயத்தைத் தேடிப் படியுங்கள். ஒரே மாலைக்குள் முடித்துவிடலாம். அருவிக்குப் பின்னே உள்ள குகையில் ஃபராமிரும் ஃப்ரோடோவும் பேசிக்கொள்வதைக் கேட்டபின், இத்தனை ஆண்டுகளாக ஒரு கூட்டம் எதற்காகக் குரல் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்பதை யாரும் உங்களுக்கு விளக்கத் தேவையிருக்காது.